ஐந்தாம் தேதிக்காரி

கணவன் செத்து மூன்றாவது வாரம் கடன்காரர்கள் வந்து வீட்டுக் கதவைக் கழற்றினார்கள். இரண்டு பேர் திருப்புளியை வைத்துக் கீலைக் கழற்ற, மூன்றாவது ஆள் அவளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, கழுத்தில் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அவன் வாயில் ஏலக்காய் மணந்தது. அதை அவள் பின்னாளில் சொல்லும்போது, "கழுத்தை நெரிக்கிற ஆளு வாய் மணக்கணும்னு நெனைச்சிருக்கான் பாரு" என்று சிரிப்பாள்.

கணவன் சரக்கு வண்டி ஓட்டியவன். வண்டியும் கடன், வண்டிக்குப் போட்ட டயரும் கடன், ஊற்றிய டீசலும் கடன். ஒருநாள் போதையில் பாலத்துச் சுவரில் மோதி, வண்டியையும் தன்னையும் சேர்த்து முடித்துக்கொண்டான். மூன்று கடன்களில் ஒன்றில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். படித்துப் பார்த்துப் போடவில்லை. 'இங்க போடு' என்றான், போட்டாள்.

"புருஷன் செத்தா கடனும் செத்துடுமா? நீ போட்ட கையெழுத்து உசுரோட இருக்கில்ல?" என்று கேட்டபடியே மூன்றாவது ஆள் அவள் இடது காதுக் கம்மலைப் பிடித்து இழுத்தான். கழற்றித் தருகிறேன் என்று சொல்ல அவளுக்கு மூச்சு வரவில்லை. கம்மல் கையோடு போனது, காது மடல் இரண்டாகக் கிழிந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

கதவில்லாத வீட்டில் பதினோரு நாள் இருந்தார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டாம் நாள் சந்தையின் மூன்றாவது சந்தில் இருந்த கோழிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே பெண்கள் பணம் வாங்கிப் போடுவார்கள், தரை கழுவுவார்கள், கத்தியைத் தொடமாட்டார்கள். கடைக்காரர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் ஆள், அவளையும் துடைப்பத்தோடுதான் நிறுத்தினார். இரண்டாவது மாதம் வெட்டுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, வாடிக்கையாளர்கள் சத்தம் போட, அவள் போய்க் கத்தியை எடுத்தாள். கோழியின் இறக்கைகளைப் பின்னால் முறுக்கி, தலையை விரலால் பின்னுக்குத் தள்ளி, ஒரே இழுப்பு. பிறகு தகரப் புனலில் தலைகீழாகப் போட்டால் அது உதைத்து உதைத்து அடங்கும். ரத்தம் கீழே பீப்பாயில் இறங்கும். அடங்கியதும் கொதிநீர்த் தொட்டியில் முக்கி, ரப்பர் விரல்கள் சுழலும் இயந்திரத்தில் போட்டால் இறகு கழன்றுவிடும். நாளொன்றுக்கு நூற்றெண்பது கோழி. விடுமுறை நாளில் முந்நூறு. முதல் நாள் வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு ஏழு முறை கழுவினாள். அப்புறம் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டாள்.

"கை நடுங்கலையா உனக்கு?" என்று பெரியவர் கேட்டார்.

"நடுங்குச்சு. சம்பளத்தை நெனைச்சேன், நின்னுடுச்சு."

வெட்டுகிறவளுக்குக் கூலி இரண்டு மடங்கு. அந்தக் கூலியை வைத்துக்கொண்டு அவள் செய்த முதல் காரியம், கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் தானே நடந்து போனதுதான். மேசைக்குப் பின்னால் இருந்தவனிடம், "இனிமே வீட்டுக்கு ஆள் அனுப்பாதீங்க. மாசாமாசம் அஞ்சாம் தேதி நானே வந்து கட்டுறேன். ஒரு தடவை தவறினா அப்ப அனுப்புங்க" என்றாள். அவன் அவள் காதில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

ஐந்து வருடம் கட்டினாள். அந்த ஐந்து வருடத்தில் ஒரு ஐந்தாம் தேதி நகரத்தில் கலவரம். பேருந்து ஓடவில்லை. டயர்கள் எரிந்தன. இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று கல்லால் அடித்துக்கொண்டிருந்த பெரிய சாலையை அவள் சுவரோரமாகக் குனிந்து கடந்தாள். நடுவழியில் ஒரு செங்கல் துண்டு நெற்றியில் பட்டது. விழுந்தாள். யாரோ ஒருவன் அவள் கையை மிதித்துக்கொண்டு ஓடினான். எழுந்து, பணம் இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி நடந்தாள். நிறுவனத்தின் இரும்புக் கதவை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போய் மேசைமேல் பணத்தை வைத்தாள். நோட்டில் ரத்தம்.

"இன்னிக்கு எதுக்கும்மா வந்தே? நாளைக்குக் கட்டினா குடியா முழுகிடும்?" என்றான் மேசைக்காரன், நோட்டைத் தொடப் பயந்தபடி.

"நாளைக்கு ஆறாம் தேதி" என்றாள்.

அன்றிலிருந்துதான் சந்தையில் அவளை ஐந்தாம் தேதிக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கடன் முடிந்தது. தன் பெயரில் சின்னதாக ஒரு கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். அம்மாவுக்குக் கண் அறுவை செய்ய வேண்டியிருந்தது. அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க கடன் ஸ்கோர் ரொம்பக் கீழே இருக்கும்மா."

"கடைசிப் பைசா வரைக்கும் கட்டிட்டேனே."

"கட்டினீங்க, சரி. உங்க புருஷன் எட்டு மாசம் கட்டாம விட்டது உங்க பேர்ல நிக்குது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"இப்ப என்ன பண்ணணும்?"

அப்படிக் கேட்டு யாரும் அந்தக் கண்ணாடிக்காரம்மாவிடம் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது. எழுந்து போகிறவர்களையும் சண்டை போடுகிறவர்களையும்தான் அவள் பார்த்திருந்தாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். சிறு தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன்மேல் ஒரு கடன் அட்டை வாங்க வேண்டும். அட்டையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடக்கூடாது. செலவழித்ததைத் தேதிக்கு முன்னாலேயே முழுசாகக் கட்டிவிட வேண்டும். கண்ட இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் போடக்கூடாது. யாருக்கும் ஜாமீன் நிற்கக்கூடாது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா வருஷக்கணக்கா செய்யணும். அதான் யாராலயும் முடியல."

அவளால் முடிந்தது. எப்படி முடிந்தது என்றால், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித்தான். கடையில் யாரும் வாங்காத கழுத்தும் காலும் தலையும் வீட்டுக்கு வரும். போக வர ஆறு கிலோமீட்டர் நடை. அட்டையில் எரிவாயு உருளை மட்டும் வாங்குவாள், வாங்கிய மூன்றாம் நாளே கட்டிவிடுவாள். அம்மாவின் கண்ணுக்குப் பெரியவரிடம் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி முன்பணம் வாங்கினாள். ஒரு குளிர்காலம் முழுக்கக் காய்ச்சலோடு வெட்டினாள். ஆறு வருடத்தில் கண்ணாடிக்காரம்மா கணினித் திரையைத் திருப்பி அவளுக்கே காட்டினாள். தொள்ளாயிரத்துக்கு எழுநூற்று எண்பத்திரண்டு.

"என் ஸ்கோரே இவ்வளவு இல்லம்மா" என்றாள்.

அந்த வருடம் பெரியவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. நிற்க முடியவில்லை. "நீயே எடுத்துக்கோ. வெளி ஆளுக்குக் கொடுத்தா என் கத்தியை எவனாவது துருப்பிடிக்க விடுவான்" என்றார். கடையின் முன்பணத்துக்கும் ஒரு பெரிய குளிர்பெட்டிக்கும் சேர்த்து வங்கி கடன் தர ஒப்புக்கொண்டது. அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்தச் செய்தி அம்மா வாய் வழியாகத் தம்பிக்குப் போனது.

தம்பி அவளைவிட நான்கு வயது இளையவன். ஒரு மதுக்கூடத்தில் தகராறு செய்கிறவர்களைத் தூக்கி வெளியே போடுகிற வேலை. தோள்கள் கதவை அடைக்கும். தொலைபேசியில் சூதாடிச் சூதாடி, மதுக்கூடத்து முதலாளியிடமே கடன் வாங்கி, கடைசியில் தான் வெளியே தூக்கிப் போட்ட ஆட்களின் கையாலேயே அடி வாங்கும் நிலைக்கு வந்திருந்தான். ஒரு காலையில் கடைக்கு வந்து சட்டையை விலக்கிக் காட்டினான். நெஞ்சில் ஏழெட்டு இடத்தில் சிகரெட்டால் சுட்டிருந்தார்கள்.

"அக்கா, இந்த மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா என்னைப் போட்டுடுவாங்க. உன் பேர்ல எடுத்துக் கொடு. நான் கட்டுறேன்."

அவள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சூட்டுக் காயங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"என் வீட்டுல வந்து சாப்பிடு. மருந்து வாங்கித் தரேன். ஊரை விட்டுப் போறதா இருந்தா வழிச்செலவுக்குத் தரேன். என் பேரைக் கேக்காதே."

"பேருதானே? தேஞ்சா போயிடும்?"

"ஒருதடவை தேஞ்சு போச்சு. அதை மறுபடி ஆக்கப் பதினொரு வருஷம் ஆச்சு. போடா."

அவன் போய்விட்டான். போகும்போது கூண்டை ஓங்கி ஓர் உதை விட்டுவிட்டுப் போனான்.

அடுத்த திங்கட்கிழமை கடை விடுமுறை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வங்கிக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "கடைக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போனாள். அம்மா போன கொஞ்ச நேரத்தில் தம்பி உள்ளே வந்தான். அவன் பின்னால் வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதைப் போட்டது யார் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மற்றது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவன் கையில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன. ஒன்று அவளுடையது. அலமாரிமேல் வைத்திருந்ததை வரும்போதே எடுத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து அவளுடைய அடையாள அட்டை எட்டிப் பார்த்தது. அது அம்மாவின் பெட்டியில் இருப்பது.

"அம்மா கொடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷ வேலைக்கா. அசையாம இரு. உன் மூஞ்சியை மட்டும் காட்டு."

அவள் எழுந்து கதவை நோக்கி ஓடினாள். அவன் முடியைப் பிடித்து இழுத்து முகத்தைக் கதவிலேயே மோதினான். ஒரு பல் உடைந்து நாக்கில் உருண்டது. அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் அவளைத் தரையில் கவிழ்த்து முதுகில் முழங்காலை ஊன்றினான். தொலைபேசியைத் தட்டிவிடுவதற்காக அவள் நீட்டிய இடது கையின் இரண்டு விரல்களைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். கோழியின் மூட்டைக் கழற்றும்போது வருமே, அதே சத்தம் வந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

அதன்பிறகு அவள் அசையவில்லை. அவன் அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, தொலைபேசியை முகத்துக்கு நேராகக் காட்டினான். அதிலிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாகப் பேசியது.

"உங்கள் முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்."

அவன் தலையை வட்டத்துக்குள் இழுத்தான்.

"முகம் தெளிவாக இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

அவளுடைய துண்டாலேயே அவள் முகத்து ரத்தத்தைத் துடைத்தான். குழந்தைக்குத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தான். அடித்ததைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கண்ணைச் சிமிட்டவும்."

"சிமிட்டுக்கா. சிமிட்டு. இன்னொரு விரலையும் உடைக்க வைக்காதே."

அவளுக்கு வலியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்கத்தான் பார்த்தாள். தானாகவே சிமிட்டியது. தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னது அந்தக் குரல். அவன் திருப்பினான். "நன்றி. உங்கள் கடன் ஏற்கப்பட்டது" என்றது. அவள் தொலைபேசிக்கு வந்த எண்களை அவன் தன் தொலைபேசியில் தட்டினான். பணம் அவன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. "கட்டிடுவேன்கா, சத்தியமா" என்றான். கதவைத் தட்டினான். வெளியே இருந்து தாழ்ப்பாள் திறந்தது.

மருத்துவமனைக்கு அம்மாவும் கூட வந்தாள். "படியில விழுந்துட்டா டாக்டர்" என்று அம்மாவே முந்திக்கொண்டு சொன்னாள். விரலுக்குத் தக்கை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த மருத்துவர் அவளைப் பார்த்தார்.

"இல்ல. என் தம்பி அடிச்சான். அப்படியே எழுதுங்க. எத்தனை மணின்னும் எழுதுங்க" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா அந்த நடைபாதையிலேயே அவளை வார்த்தையால் கிழித்தாள். "அவனைக் கொன்னுடுவாங்கடி! உனக்கு நம்பர்தான் பெருசா? கூடப் பிறந்தவன் பெருசில்லையா?"

"தாழ்ப்பாளை எதுக்கும்மா போட்டே?"

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். அன்றிரவே துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு தம்பி மனைவி வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி ஊரிலேயே இல்லை.

காவல் நிலையத்தில் இருந்த ஏட்டு, "அக்கா தம்பி சண்டைக்கெல்லாம் இங்க வந்தா நாங்க திருடனைப் பிடிக்க வேணாமா?" என்று கேட்டார். அவள் வாசல் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்து, புகாருக்கு ரசீது வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். அதைக் காட்ட வங்கிக்குப் போனபோது கண்ணாடிக்காரம்மா கையைப் பிசைந்தாள். புதிதாக ஒரு கடன் ஏறியிருந்ததால் கடைக்கான கடனை மேலிடம் நிறுத்திவிட்டது.

"அதைக் கட்டிட்டா?" என்று கேட்டாள் அவள்.

"கட்டினா ஸ்கோர் விழாது. ஆனா நீங்கதான் வாங்கினீங்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். புகார் நிக்காது. கட்டலைன்னா ஸ்கோர் தரைக்கு வந்துடும். நான் எதையும் சொல்லலம்மா. நீங்கதான் முடிவெடுக்கணும்."

பெரியவர் கட்டிவிடச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர்கள் கட்டிவிடச் சொன்னார்கள். எல்லோரும் அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அவள் பத்து நாள் வலதுகையால் மட்டும் வெட்டினாள். ஐந்தாம் தேதி வந்தது. மதுக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் தம்பி அவள் பேரில் கடன் எடுத்த நிறுவனத்தின் அலுவலகம். தவணைப் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு போய் எதிர்ச்சாரியில் நின்றாள். மாலை ஐந்து மணிக்கு அவர்கள் கதவை இறக்கும்வரை நின்றாள். கால்கள் தாமாக அந்தப் பக்கம் போகப் பார்த்தன. கதவு இறங்கியதும் சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு தேதி அவளைத் தாண்டிப் போனது.

மூன்றாவது மாதம் ஸ்கோர் ஐந்நூற்றுத் தொண்ணூறுக்கு வந்து நின்றது. நான்காவது மாதம் ஆட்கள் வந்தார்கள்.

சந்தை கூட்டமாக இருந்த நேரம். இரண்டு பேர். ஒருவன் தாடிக்காரன், இன்னொருவன் தொப்பி போட்டவன். தாடிக்காரன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஐந்தாம் தேதிக்காரியாமே! நாலு அஞ்சாம் தேதி போச்சே, காலண்டர் வாங்கக் காசில்லையா?" என்றான்.

"நான் வாங்காத கடன். புகார் கொடுத்திருக்கேன். ரசீது இருக்கு."

"ரசீதை வச்சு வாயைத் துடைச்சுக்கோ."

தொப்பிக்காரன் கூண்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தான். கோழிகள் சிதறின. காலடியில் வந்த ஒன்றைச் செருப்புக் காலால் நசுக்கினான். அது சாகாமல் கத்தியது. பெரியவர் ஊன்றுகோலோடு எழுந்து, "டேய், அது என் கடை" என்றார். தாடிக்காரன் ஊன்றுகோலைப் பிடுங்கி அவர் முழங்காலிலேயே அடித்தான். கிழவர் மடங்கி விழுந்தார். அடுத்து அவன் அவளை அறைந்தான். பல் உடைந்த பக்கத்துத் தாடையில் அறை விழுந்ததும் அவளுக்குக் கண் இருட்டியது.

கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவள் பார்த்தாள். தாடிக்காரனும் பார்த்தான். அவன் பார்வை கத்திமேல் இருந்தபோது, அவள் கொதிநீர்த் தொட்டியில் கிடந்த வாளியை முக்கி எடுத்து, அவன் இடுப்புக்குக் கீழே மொத்தமாக ஊற்றினாள். அவன் போட்ட அலறலில் சந்தே அடங்கிப் போனது. இரண்டாவது வாளியை எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது தொப்பிக்காரன் சந்தின் முனையில் இருந்தான்.

நசுங்கிய கோழியை முதலில் எடுத்து அறுத்து அதன் வேதனையை முடித்தாள். பிறகுதான் பெரியவரைத் தூக்கினாள்.

போலீஸ் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனது. ஒரு நாள் முழுக்க உள்ளே வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் காவலர் அவள் விரல் உடைந்த கைமேலேயே தடியால் இரண்டு போட்டாள். மறுநாள் காலை புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டார்.

"வெந்நீர்க்காரன் புகார் கொடுக்க மாட்டேங்கறான். எவனாவது வெந்துபோய்ச் சும்மா இருப்பானா? என்னம்மா விஷயம்?"

அவள் மருத்துவமனைச் சீட்டையும் புகார் ரசீதையும் எடுத்து வைத்தாள். முதலில் இருந்து சொன்னாள். முகத்தைக் காட்டச் சொன்ன இடம் வந்ததும் அவர் பேனாவை வைத்தார்.

"படம் எடுத்தாங்களா?"

"படமா என்னன்னு தெரியல. கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சு."

"அப்ப அது அவங்ககிட்ட இருக்கும்" என்றார் ஆய்வாளர்.

நிறுவனம் லேசில் தரவில்லை. ரகசியம் என்றார்கள், தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள், தேடுகிறோம் என்றார்கள். கண்ணாடிக்காரம்மா எழுதிக் கொடுத்த மனுவோடு அவள் கடன் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போனாள். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை: நான் கடன் வாங்கியபோது கொடுத்த என் படத்தை எனக்குக் காட்டுங்கள். ஐந்து மாதம் நடையாய் நடந்தாள். கடைசியில் ஒருநாள் அதிகாரி, ஆய்வாளர், நிறுவனத்தின் வழக்கறிஞர் எல்லோரும் இருந்த அறையில் அதைத் திறந்தார்கள்.

திரை முழுக்க அவள் முகம். ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து, துடைத்த ரத்தம் கன்னத்தில் இழுபட்டிருந்தது. மேலே, முடிக்குள், ஒரு ஆணின் நான்கு விரல்கள். விரல் கணுக்களில் பல் பதிந்த தடம். படத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு குறி: சரிபார்க்கப்பட்டது.

வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார். "இது இயந்திரம் பார்க்கிறது, ஆள் பார்க்கிறதில்ல" என்று மெல்லச் சொன்னார்.

"இப்ப ஆளுங்க பாக்குறீங்க இல்ல?" என்றாள் அவள்.

அவள் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவு அடி வாங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, கழுத்தை அறுத்த கோழி மாதிரி உடம்பு தூக்கித் தூக்கிப் போட அழுதாள். கண்ணாடிக்காரம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தம்பியை இரண்டு வாரத்தில் வேறொரு நகரத்தில் பிடித்தார்கள். பிடிபட்டபோது ஒரு காது கேட்காத அளவுக்கு அடி வாங்கியிருந்தான். அடித்தது போலீஸா, மதுக்கூடத்து ஆட்களா என்று தெரியவில்லை. அம்மா கடைக்கு வந்தாள். ஒன்பது மாதம் கழித்து அன்றுதான் வந்தாள். கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

"அவனை வெளியே எடுக்கணும். நீ போய் ஜாமீனுக்கு நில்லு. உன் பேருன்னா ஒத்துப்பாங்களாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "என் விரலைப் பாரும்மா. மடங்குதா?"

"பெத்தவ கேக்குறேன்."

"பெத்தவளுக்குச் சோறு போடுறேன். மாசாமாசம் அனுப்புறேன். நிக்க மாட்டேன்."

அம்மா எட்டி ஓங்கி அறைந்தாள். வரிசையில் நின்ற ஒருத்தி "ஐயோ" என்றாள். அவள் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்து யாரு?" என்று கேட்டாள். அம்மா மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அந்த மண் அன்றைக்கு வெட்டி வைத்திருந்த கறிமேல் விழுந்தது. எல்லாவற்றையும் மறுபடி கழுவ வேண்டியிருந்தது.

சொன்னபடி மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் போகிறது. அம்மா வாங்கிக்கொள்கிறாள். இருவரும் பேசுவதில்லை.

நிறுவனம் கடனை ரத்து செய்து, அவள் பெயரிலிருந்து அந்தப் பதிவை எடுக்க ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கும் எடுத்ததற்கும் நடுவில் நான்கு மாதம். ஸ்கோர் எழுநூற்று அறுபதுக்கு வந்தபோது வங்கி முன்பு நிறுத்திவைத்த கடைக்கடனைக் கொடுத்தது. பெரியவர் படுக்கையிலேயே கையெழுத்துப் போட்டுக் கடையைக் கொடுத்தார். தாடிக்காரன் அடித்த முழங்கால் அவரைப் பிறகு எழவே விடவில்லை. கடை கைமாறிய ஆறாவது வாரம் இறந்தார். அது தன்னால் வந்தது என்று அவள் இன்றைக்கும் நினைக்கிறாள். இல்லை என்று சொன்னால் கேட்கமாட்டாள்.

குளிர்பெட்டி வந்தது. வெட்ட ஓர் ஆள் போட்டாள், அவளும் வெட்டினாள். இடது கையின் இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டே இருப்பதால் கோழியின் தலையைக் கட்டை விரலால் தள்ளப் பழகிக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் கழித்துத் தம்பி விடுதலையானான். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, கடையில் கூட்டம் நெரியும்போது, வரிசையில் நின்று முன்னால் வந்தான். இளைத்திருந்தான். கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். அவன் யார் என்று தெரிந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வெட்டுகிற ஆள் கத்தியோடு ஓர் அடி முன்னால் வந்தான். அவள் கையசைத்து அவனை நிறுத்தினாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ஒரு கிலோ."

நிறுத்து, வெட்டி, பையில் போட்டுக் கட்டினாள். விலையைச் சொன்னாள். பையைத் தன் பக்கத்துப் பலகையில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"அப்புறம் தரேன்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் அவளுடைய இரண்டு விரல்களையும் பார்த்தான். அவை மடங்காமல் அவனை நோக்கியே நீண்டிருந்தன. சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடினான், ஒன்றும் எடுக்கவில்லை. பிறகு திரும்பி, வந்த வழியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

அவன் சந்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூண்டின்மேல் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு எழுந்து, பலகையில் இருந்த பையை அடுத்து நின்ற பெண்ணிடம் காட்டி, "சரியா ஒரு கிலோ இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.